ஓங்கிலைப் படம்பிடித்தலும் படத்தைத் திருத்தலும்

கண்டி வீதியிலே வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கிச் செல்வோர், புளியங்குளத்தைக் கடந்து மாங்குளத்தை அடையுமுன் காணும் ஊர் கனகராயன்குளம். காடும் வயலும் குளமும் சூழ்ந்த வன்னி நிலத்தின் இயல்புகள் யாவும் அங்கே பொருந்தியுள்ளன. மயிலும் மானும் யானையும் அவ்வூரார்க்குப் புதியன அல்ல. ஆயின், எத்திசை நோக்கினும் கடல் அவ்வூருக்குக் கண்ணெட்டும் தூரத்தில் இல்லை. அவ்வூரோடு பெயரொற்றுமையுடைய கனகராயன் ஆறு வடக்கே ஓடி, இரணைமடுக் குளத்தை நிரப்பி, எஞ்சிய நீரைச் சுண்டிக்குளக் கடனீரேரியிற் சேர்க்கின்றது. ஆற்று நீர் கடலை அடைகின்றது. ஆற்றங்கரையில் வாழும் மாணவன் கடலுயிர்களைக் காண வேண்டுமாயின் ஊரை விட்டு நெடுந்தூரம் செல்ல வேண்டும்.

டொல்பின் எனப் பலரும் அழைக்கும் ஓங்கிலை அத்தகைய மாணவன் அறிவது எவ்வாறு? பாடநூலிலுள்ள படத்தாலும், நாட்காட்டியில் அச்சிட்ட படத்தாலும், கைத்தொலைபேசியில் வந்து சேரும் படத்தாலுமே அவன் அதனை அறிகின்றான். நேரிற் கண்டவன் படத்தில் ஒரு பிழை செய்யப்பட்டிருப்பின் அதனை உடனே உணர்ந்துகொள்வான். நேரிற் காணாதவனுக்கோ படமே கண், படமே சான்று. ஆகவே ஓங்கிலைப் படம்பிடிப்பவனும் அப்படத்தைத் திருத்துபவனும், கடலைக் காணாத பல்லாயிரவர்க்காகச் சாட்சி சொல்லும் பொறுப்பை ஏற்றவர் ஆகின்றனர். அப்பொறுப்பு எத்தன்மையது, அதனை நிறைவேற்றும் வழி யாது என்பன ஈண்டு ஆராயப்படும்.

ஓங்கில் மீனன்று. அது குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு, நுரையீரலாற் சுவாசிப்பது. தலையின் உச்சியிலுள்ள மூச்சுத் துளையால் வளியை உள்வாங்குவதற்காக அது நீரின் மேற்பரப்பிற்கு அடிக்கடி வந்தே ஆதல் வேண்டும். மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு இதனின் வேறானது. அது கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. ஓங்கிலோ மீனையும் கணவாயையும் வேட்டையாடுவது. இலங்கையைச் சூழ்ந்த கடலில் திமிங்கிலமும் ஓங்கிலுமாக 25 இற்கு மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் அடிக்கடி காணப்படுவது சுழலோங்கில் ஆகும். நீரினின்று மேலெழுந்து, தன் உடலின் நெடுக்கச்சைப் பற்றிப் பம்பரம்போற் சுழன்று வீழ்வதால் அப்பெயர் பெற்றது. ஒரே பாய்ச்சலில் ஏழு சுற்று வரையும் சுழல வல்லது.

இவ்வினத்தை மேற்குக் கரையிற் கற்பிட்டிக் கடலிலும், கிழக்குக் கரையில் திருகோணமலைக் கடலிலும் காணலாம். கற்பிட்டியில் நூற்றுக்கணக்கானவை ஒரே கூட்டமாகச் செல்வதும் உண்டு. திருகோணமலையிலோ ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று துறைமுகத்தை அடுத்தே தொடங்குவதால், ஆழ்கடலுக்குரிய உயிர்கள் கரையை அண்மித்து வருகின்றன. கடல் அமைதியாயிருக்கும் காலம் இவ்விரு கரைக்கும் ஒன்றன்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்க, கிழக்குக் கடல் அமைதியுறும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் கிழக்குக் கடலைக் கலக்கும். ஆகவே கார்த்திகை முதற் சித்திரை வரை கற்பிட்டியும், அதன்பின் ஆவணி வரை திருகோணமலையும் படம்பிடிப்போர்க்கு ஏற்றன எனலாம்.

இனி, ஓங்கிலைப் படம்பிடித்தல் எதனால் அரிதாகின்றது என்பதை நோக்குவோம். ஓர் ஓங்கில் நீர்மட்டத்திற்கு மேல் 2 மீற்றர் உயரம் பாய்கின்றது எனக் கொள்க. இயக்கவியலின் எளிய விதிப்படி, அது நீரை விட்டெழும்போது அதன் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 6.3 மீற்றர் ஆதல் வேண்டும். எழுந்து மீண்டும் நீரில் வீழ்வதற்கு அதற்கு 1.3 செக்கன் மட்டுமே செல்லும். கமராவின் ஷட்டர் என்னும் மூடி ஒரு செக்கனின் அறுபதிலொரு பங்கு நேரம் திறந்திருப்பின், அந்நேரத்துள் ஓங்கில் 10 சதம மீற்றர் நகர்ந்துவிடும். படம் கலங்கிய கறையாகவே அமையும். ஆயிரத்திலொரு பங்காயின் நகர்வு 6 மில்லிமீற்றர். இரண்டாயிரத்திலொரு பங்காயின் 3 மில்லிமீற்றர். சுழலோங்கிலின் துடுப்பு நுனியோ உடலின் சுழற்சியால் இன்னும் விரைந்து செல்வது. இதனாலேயே அனுபவமுடையோர் ஆயிரத்திலொரு பங்கினும் நீண்ட நேரத்தைக் கொள்வதில்லை.

இக்கணக்கிலே பயன்தரும் நுட்பம் ஒன்று உளது. மேலெறிந்த பொருள் உச்சியை நெருங்க நெருங்க மெதுவாகின்றது. பாய்ச்சலுக்குரிய மொத்த நேரத்திற் சரிபாதி, உச்சியை அடுத்த நாலிலொரு பங்கு உயரத்திலேயே கழிகின்றது. அஃதாவது 2 மீற்றர் பாயும் ஓங்கில், மேலேயுள்ள அரை மீற்றரில் மட்டும் 0.65 செக்கன் தங்குகின்றது. எனவே ஓங்கில் நீரைப் பிளந்துகொண்டு வெளிவரும் கணத்திற் பதறி விசையை அழுத்துபவனிலும், உச்சிக்குக் காத்திருந்து அழுத்துபவனுக்கே தெளிந்த படம் கிட்டும். செக்கனுக்குப் பத்துப் படம் தொடர்ந்து எடுக்கும் கமராவாயின் ஒரு பாய்ச்சலிற் பதின்மூன்று படம் வரையும் பெறலாம். ஆயினும் கமரா எத்திசையை நோக்கியிருத்தல் வேண்டும் என்பதைக் கருவி சொல்லமாட்டாது. அது கண்டு பழகிய கண்ணின் வேலை. சுழலோங்கில் ஒருமுறை பாய்ந்தால் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பாயும். ஆதலின் முதற் பாய்ச்சலைக் கண்ணாற் கண்டு, கூட்டம் செல்லும் திசையை அறிந்து, இரண்டாம் பாய்ச்சலுக்குக் கமராவை ஏந்தி நிற்றலே முறை.

தூரமும் கணக்கில் அடங்கும். 2 மீற்றர் நீளமுள்ள ஓங்கில் 50 மீற்றர் தூரத்திலிருப்பின், 50 மில்லிமீற்றர் குவியத் தூரமுடைய வில்லை அதன் உருவத்தை 2 மில்லிமீற்றர் அளவாகவே பதிவு செய்யும். 300 மில்லிமீற்றர் வில்லையாயின் 12 மில்லிமீற்றராகப் பதியும். அது 36 மில்லிமீற்றர் அகலமுள்ள படத்தில் மூன்றிலொரு பங்கை நிரப்பும். கைத்தொலைபேசியின் குறுகிய வில்லையாற் கிடைக்கும் உருவம் சிறு புள்ளியாவது இதனாலேயே. இதனை உணராதார் படகை ஓங்கிலின் மேற் செலுத்துமாறு படகோட்டியை வற்புறுத்துவர். தூரத்தை வெல்வதற்கு நீண்ட வில்லையும் பொறுமையுமே தகுந்த வழி.

ஒளியைக் கையாளுதலும் எளிதன்று. கடல் ஓர் அசையும் கண்ணாடி, நுரை வெண்மையானது, ஓங்கிலின் முதுகு கருமையானது. கமராவின் ஒளிமானி இம்மூன்றையும் சராசரியாக்கிக் காண்பதால் ஏமாறுதல் இயல்பு. நுரையின் வெண்மை ஒருமுறை முற்றாக வெளிறிவிடின் பின்னர் எத்திருத்தத்தாலும் அதனை மீட்டல் இயலாது. கருநிழலிலோ ஓரளவு விவரம் ஒளிந்திருக்கும். எனவே வெண்மையைக் காக்கும் அளவிற்கு ஒளியைக் குறைத்து எடுத்தல் நன்று. நீரின் மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியைக் குறைப்பதற்கு முனைவாக்கும் வடிகண்ணாடி உதவும். நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைக் கோணத்திற் பார்க்கும்போது அது சிறந்து பயன்படும். அவ்வமயம் நீரின் கீழ்ச் செல்லும் ஓங்கிலின் உருவமும் தோன்றும். ஆயின் அவ்வடி உட்புகும் ஒளியிற் பாதிக்கு மேல் உண்டுவிடுவதால், மங்கிய காலைப் பொழுதில் அதனை நீக்கிவிடுதல் வேண்டும். கமராவைப் படகின் விளிம்பில் ஊன்றுதல் ஆகாது; இயந்திரத்தின் அதிர்வு படத்தைக் கெடுக்கும். முழங்கால்களைத் தளர்த்தி, உடலைப் படகின் ஆட்டத்திற்கு இசைவித்து நிற்பவனே அடிவானத்தை நேராகப் பெறுவான்.

இப்பயிற்சி யாவும் கடலிலேயே பெறத் தக்கன என எண்ணற்க. கனகராயன்குளத்துக் குளக்கட்டிலே இருந்துகொண்டு, மீன்கொத்தி நீரிற் பாய்ந்தெழுவதையும் நீர்க்காகம் மூழ்கி வேறோரிடத்தில் தலைநீட்டுவதையும் படம்பிடிக்க முயலும் மாணவன் இவற்றுட் பெரும்பகுதியைக் கற்றுக்கொள்வான். மூழ்கிய நீர்க்காகம் எங்கே எழும் என்பதை முன்னுணர்தலும், ஓங்கில் எங்கே எழும் என்பதை முன்னுணர்தலும் ஒரே கலையாம். காலையிளவெயில் நீரிற் படும் கோணமும், வெண்கொக்கின் இறகு வெளிறிவிடாமற் காக்கும் அளவும் குளத்திலும் கடலிலும் ஒன்றே. அவ்வாறு பழகியவன், மாங்குளத்திலிருந்து கிழக்கே பிரிந்து ஒட்டுசுட்டான் வழியாகச் செல்லும் வீதியால் முல்லைத்தீவுக் கடற்கரையை அடையும் நாளில், கருவியோடு போராடாது கடலை நோக்குவான்.

படம்பிடிப்போர் அறிந்திருக்க வேண்டிய உயிரியல் உண்மை ஒன்று உளது. சுழலோங்கில் இரவிலே வேட்டையாடும் இயல்பினது. ஆழத்திலிருந்து இரவில் மேலெழும் சிறு மீனையும் கணவாயையும் உண்டு, பகலில் ஓய்வு கொள்கின்றது. அவ்வோய்வு ஆழ்ந்த துயிலன்று. கூட்டமாக மெதுவே நீந்தியவாறு மூளையை அடக்கி இளைப்பாறுதலாகும். அந்நேரத்தில் இயந்திரப் படகுகள் கூட்டத்தை ஊடறுத்துச் சென்றால் ஓய்வு குலைகின்றது. குட்டி தாயை விட்டுப் பிரியவும் நேரும். இதனை முன்னிட்டே ஐக்கிய அமெரிக்க அரசு 2021 ஆம் ஆண்டில், ஹவாய்த் தீவுகளை அடுத்த கடலிற் சுழலோங்கிலை 50 யாருக்குள் அணுகுதலை விலக்கியது. இலங்கையில் ஓங்கிலைக் கொல்லுதலும் பிடித்தலும் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன. கடற் பாலூட்டிகளை நோக்குதல் பற்றிய ஒழுங்குவிதிகளும் 2012 இல் வெளியாயின. சட்டம் ஒருபுறமிருக்க, நல்லோர் ஒழுகும் முறை எளியது. படகு கூட்டத்தின் முன்னே குறுக்கிடாது, பின்னே துரத்தாது, பக்கவாட்டில் ஒத்த வேகத்தில் மெல்லச் செல்லுதல் வேண்டும். ஓங்கில் தானாகவே படகின் முன்னலையில் விளையாட வருமாயின் வரட்டும். விலகிச் செல்லுமாயின் அதனை விட்டுவிட வேண்டும். அஞ்சி ஓடும் ஓங்கிலின் படம் அதன் இயல்பான வாழ்வைக் காட்டுவதன்று. அது படகின் கொடுமையையே காட்டுவது.

இத்தகைய படங்களாற் பெறும் பயன் அழகொன்றுதானோ எனின், அன்று. கடலுக்கடியிற் புகைப்படமெடுக்கும் கலையைப் பிரான்சிய அறிஞர் லூயி பூத்தான் 1893 ஆம் ஆண்டளவில் தொடக்கிவைத்தார். 1956 இல் இலங்கைக்கு வந்த ஆதர் சி. கிளாக், மைக் வில்சன் என்போர் திருகோணமலைக் கடலில் மூழ்கி, 17 ஆம் நூற்றாண்டிற் போத்துக்கேயரால் இடிக்கப்பட்ட திருக்கோணேச்சரத்தின் கற்றூண்கள் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். அவர்களுடைய நூல் 1957 இல் வெளிவந்தது. கரையில் நின்று கோணேசரை வழிபட்ட மக்கள், தம் காலடியிலுள்ள கடலிற் பழைய கோயிலின் பகுதிகள் உள என்பதை ஐயமின்றி அறிவதற்கு அத்தகைய தேடலும் பதிவுமே வழிவகுத்தன. காணாத ஒன்றைக் காணாதார்க்குச் சான்றுபடுத்தல் என்பது இதுவேயாம்.

உயிர்நூலிலோ படம் இதனினும் நுண்ணிய பணியைச் செய்கின்றது. 1970 களில் ஆர்சென்ரீனா நாட்டுக் கரையோரத்தில் ஓங்கில்களை ஆராய்ந்த பேர்ன்ட் வூர்சிக், மெலனி வூர்சிக் என்னும் இருவர், முதுகுத் துடுப்பின் பின்விளிம்பிலுள்ள கீறல்களும் வெட்டுக்களும் ஒவ்வோர் ஓங்கிலுக்கும் வேறுவேறாக இருத்தலைப் படங்களைக் கொண்டு நிறுவினர். மனிதர்க்குக் கைரேகை எவ்வாறோ ஓங்கிலுக்குத் துடுப்பின் விளிம்பு அவ்வாறாம். புளோரிடாவிலுள்ள சரசோட்டா விரிகுடாவில் 1970 இல் தொடங்கிய ஆய்வு அரை நூற்றாண்டிற்கு மேலாக நடந்து வருகின்றது. அங்கே ஒரு பெண் ஓங்கில் 67 வயது வரை வாழ்ந்தமை அறியப்பட்டது. ஒரு விலங்கையும் பிடித்து அடைக்காமல், அதன் வாழ்க்கை வரலாற்றை எழுதுதற்குப் படம் பேருதவி புரிகின்றது.

இலங்கையும் இவ்வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. 1979 இல் அனைத்துலகத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் சரணாலயமாக அறிவித்தது. அதன் பின்னர், 1982 முதல் 1984 வரை 'ரியூலிப்' என்னும் சிறு பாய்க்கப்பலில் ஹால் வைற்ஹெட், ஜொனதன் கோர்டன் முதலியோர் இக்கடலில் ஆய்வு நடத்தினர். திருகோணமலைக் கடல் அவர்களின் முதன்மையான ஆய்வுக்களங்களுள் ஒன்று. மூழ்குமுன் மேலே உயர்த்தும் வாலின் விளிம்பைப் படம்பிடித்து, திமிங்கிலங்களைத் தனித்தனியே இனங்கண்டனர். ஆயின் 1983 இல் மூண்டு 2009 வரை நீடித்த போர் வடகிழக்குக் கடலை நெடுங்காலம் ஆய்வாளர்க்கு எட்டாததாக்கியது. மீன்பிடித் தொழிலே தடையுண்ட காலத்தில் ஓங்கிலைப் படம்பிடிப்பார் யாவர்? அக்காலத்தில் அக்கடலில் வாழ்ந்து மறைந்த ஓங்கில்களின் துடுப்புக்களை எவரும் பதிவு செய்து தொடர்ந்திலர். இனி எடுக்கப்படும் ஒவ்வொரு தெளிந்த படமும் அவ்வெற்றிடத்தை அடுத்து எழுதப்படும் முதல் வரிகளுள் ஒன்றாகும்.

நிற்க. படத்தைத் திருத்துதல் பற்றி இனிக் கூறுவாம். திருத்தம் என்பது கணினியோடு தோன்றியதன்று. பழைய இருட்டறையிலும் படத்தின் ஒரு பகுதிக்கு ஒளியை மிகுத்தலும் மறைத்தலும், தூசிப் புள்ளிகளை மையால் மறைத்தலும் நடந்தன. இக்காலக் கமராவில் 'றோ' என வழங்கும் மூலக்கோப்பு, இருட்டறைக்கு வந்த கழுவாத படச்சுருளைப் போன்றது. அதனை அப்படியே காட்டுதல் இயலாது. ஒருவாறு உருவாக்கியே காட்டுதல் வேண்டும். ஆகவே திருத்தலாமா, ஆகாதா என்பது வினாவன்று. எதனைத் திருத்தலாம், எதனைத் திருத்தலாகாது என்பதே வினா.

சாய்ந்த அடிவானத்தை நேராக்குதல், மங்கிய ஒளியைச் சற்று மிகுத்தல், நிழலில் ஒளிந்த விவரத்தை வெளிக்கொணர்தல், கமராவின் உள்ளே படிந்த தூசியால் விழுந்த புள்ளியை நீக்குதல், விளிம்பைச் சிறிது கூர்மையாக்குதல் ஆகியன குற்றமற்றவை. அவை கருவியின் குறையை நீக்குவனவேயன்றிக் கடலில் நிகழ்ந்ததை மாற்றுவன அல்ல. நீருக்கடியில் எடுத்த படத்தின் நிறத்தைத் திருத்தலும் இவ்வகையினதே. நீர் செந்நிற ஒளியை முதலில் உறிஞ்சிவிடுவதால், சில மீற்றர் ஆழத்திற்குள்ளேயே யாவும் நீலமும் பசுமையுமாகத் தோன்றும். ஓங்கிலின் வயிற்றிலுள்ள இளஞ்சாம்பல் நிறத்தை ஓரளவு மீட்டுக் காட்டல் தகும். ஆயின் கடலை நாட்காட்டிக் கடலைப்போற் கடுநீலமாக்குதல், அதனைக் காணாதானை ஏமாற்றுதலாகும்.

துடுப்பைத் தொடுதல் இவற்றினும் பெருங்குற்றம். அழகைக் கருதி, துடுப்பின் விளிம்பிலுள்ள வெட்டொன்றை ஒருவன் கணினியால் நிரப்பிவிடுகின்றான் எனக் கொள்க. பார்ப்போர்க்கு ஓங்கில் குறையற்றதாகத் தோன்றும். ஆனால் அவ்வெட்டே அதன் பெயர். அதனை நிரப்பியவன் அவ்வுயிரின் பெயரை அழித்துவிட்டான். முதுகிலுள்ள நீண்ட தழும்பு செவுள் வலையின் நைலோன் கயிறு அறுத்த தழும்பாகவும் இருக்கலாம். படகின் சுழலி வெட்டிய வடுவாகவும் இருக்கலாம். அதனை அழித்தால் அழிவது வடு மட்டுமன்று. அவ்விலங்கிற்கு இழைக்கப்பட்ட தீங்கின் சான்றும் அழிகின்றது. மனிதர் முகத்தின் பருக்களை நீக்கிப் பழகிய கை, ஓங்கிலின் துடுப்பிலும் அதையே செய்ய முந்தும். அக்கையை அடக்கப் பழகுதலே திருத்தக் கலையின் முதற்பாடம்.

ஒன்றையும் அழியாமல், ஒன்றையும் சேர்க்காமல், வெட்டுதலால் மட்டுமே பொய் கூறலும் இயலும். பத்துப் படகுகள் சூழ்ந்து நிற்க நடுவே ஓர் ஓங்கில் பாய்கின்றது. படத்தின் ஓரங்களை வெட்டி ஓங்கிலை மட்டும் வைத்தால், தனிக்கடலில் அமைதியாக வாழும் உயிரென அது தோன்றும். உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டுதற்கு வெட்டுதல் தவறன்று. ஆயின் அந்நாளில் அக்கடலில் நிகழ்ந்த உண்மை படகுகளின் நெருக்கமாயின், அதனையும் காட்டும் படமொன்றை அருகே வைத்தல் நேர்மை. உலகப் புகழ்பெற்ற 'நஷனல் ஜியோகிரபிக்' இதழே 1982 மாசி மாத அட்டையில், எகிப்தின் பிரமிட்டுக்களை அட்டையின் அளவிற்குப் பொருந்துமாறு கணினியால் நெருக்கி அமைத்து, நெடுங்காலப் பழிக்கு ஆளாயிற்று. நகர்த்தியது சிறு தூரம். இழந்தது வாசகரின் நம்பிக்கை.

படத்தைச் சிறிதும் தொடாமலும் பொய் பிறக்கும். 2020 பங்குனியில் கொள்ளைநோயால் உலகம் அடங்கியிருந்தபோது, வெனிஸ் நகரின் கால்வாய்களுக்கு ஓங்கில்கள் திரும்பிவந்தன என்ற செய்தி படக்காட்சியோடு நாடெங்கும் பரவியது. காட்சி உண்மையானதே, ஆயின் அது எடுக்கப்பட்ட இடம் வெனிஸ் அன்று, சார்டினியாத் தீவிலுள்ள கல்யாரித் துறைமுகம். ஒரு படப்புள்ளியும் மாற்றப்படவில்லை. ஊர்ப்பெயர் மட்டுமே மாற்றப்பட்டது. அதுவே உண்மையை முற்றாகத் திரித்துவிட்டது. அவ்வாறே 2009 ஆம் ஆண்டிற்குரிய அனைத்துலகக் காட்டுயிர்ப் படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அவ்வோநாய் பழக்கப்பட்டதாதல் வேண்டும் என நடுவர் முடிவு செய்ததால் 2010 இல் விலக்கப்பட்டது. தொட்டியில் அடைபட்ட ஓங்கிலைப் படம்பிடித்துக் கடலோங்கில் எனக் காட்டுவானும் இதே குற்றத்திற்கு உரியவனாவான். எனவே எங்கே, எப்போது, எந்நிலையில் எடுக்கப்பட்டது எனக் கூறும் குறிப்பும் படத்தின் ஓர் உறுப்பே. குறிப்புப் பொய்யாயின் படமும் பொய்யாம்.

இந்நாளிற் கடலுமின்றி ஓங்கிலுமின்றிக் கணினியே படம் புனைந்து தரும் நிலை வந்துள்ளது. அப்படங்களில் ஓங்கில் குற்றமின்றிப் பாயும்; அந்திவானம் பொன்னாய் ஒளிரும். கடலறிந்தவன் அதிற் பிழை காணக்கூடும். கடலறியாதவன் அதனையே ஓங்கிலென நம்பிவிடுவான். இதற்கு மாற்று, படமெடுப்போரின் ஒழுக்கமே. மூலக்கோப்பை அழியாமற் காத்தல். நாள், நேரம், இடம், கூட்டத்தின் எண்ணிக்கை, குட்டிகள் உளவா, படகுகள் எத்தனை என்பவற்றை அன்றே ஏட்டிற் குறித்தல். செய்த திருத்தங்களை வெளிப்படக் கூறுதல். துடுப்பையும் தழும்பையும் தொடாது விடுதல். நிறத்தை மிகையாக்கிய படமாயின் அவ்வாறே பெயரிடுதல். இவை அருஞ்செயல்கள் அல்ல. ஒரு சிறு குறிப்பேடும் சற்றே பொறுமையும் இருப்பின் மாணவனும் செய்யத்தக்கன.

காத்துவைத்த சான்று எக்காலத்திற் பயன்படும் என்பதைக் காத்தவர் முன்னறிதல் அரிது. 1963 இல் இரத்மலானைக் கரையில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலம் ஒன்றைக் கொழும்பு அரும்பொருளகப் பணிப்பாளர் பி. இ. பி. தெரணியகல புதிய இனமென விவரித்தார். பிற அறிஞர் அதனை வேறோர் இனத்தோடு ஒன்றெனக் கருதி ஒதுக்கினர். அரை நூற்றாண்டின் பின், 2014 இல், மரபணு ஆய்வு அது தனியினமே என்பதை நிறுவியது. எலும்புகளைத் திருத்தாமலும் எறியாமலும் காத்தமையாலன்றோ அவ்வுண்மை வெளிவந்தது! திருத்தாத படமும் குறிப்பும் அவ்வெலும்பை ஒப்பன. இன்று எடுத்த துடுப்பின் படம், இருபதாண்டின் பின் அதே ஓங்கில் உயிரோடிருத்தலைக் காட்டுவதாகவும் அமையலாம்.

கனகராயன்குளத்து வகுப்பறையிலே ஆசிரியர் ஒருவர் ஓங்கிலின் படத்தைக் காட்டி, 'இது பாலூட்டும் விலங்கு' எனக் கற்பிக்கும்போது, பின்வரிசையிலுள்ள சிறுவன் அதனை உற்று நோக்குகின்றான் எனக் கொள்க. துடுப்பிலே ஒரு வெட்டு இருக்கின்றது. 'இது ஏன் ஐயா கிழிந்திருக்கிறது?' என அவன் வினவுவான். அவ்வினாவிலிருந்து வலையும் படகும், கடலும் சட்டமும், மனிதன் பிற உயிர்க்குச் செய்யும் தீங்கும் பாடமாக விரியும். அழகுக்காக அவ்வெட்டை நிரப்பியிருந்தால் அவ்வினா பிறந்திராது; பாடமும் விரிந்திராது. கடலுக்குச் செல்ல இயலாத அச்சிறுவனுக்குக் கடலின் உண்மையைக் குறையாமற் கொண்டுவந்து சேர்த்தலே படம்பிடிப்போனின் கடன்.